பதினான்காம் லூயியின் தம்பி: உதவாக்கரையா, உதவாதபடி வைக்கப்பட்டவரா?

வாசகர் ஒருவர் கேட்டது: "பதினான்காம் லூயியைப் பற்றி எதைப் படித்தாலும் அவருடைய தம்பி ஒருவர் வந்து போகிறார். ரிப்பன், வாசனைத் தைலம், குதிகால் உயர்ந்த செருப்பு, ஆண் காதலர்கள், சூதாட்டம். அரண்மனையில் சும்மா உட்கார்ந்து தின்றவர் என்றுதான் தோன்றுகிறது. இவரைப் பற்றித் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது?"

ஜனவரி 11, இரவு

நிறைய இருக்கிறது. நீங்கள் அடுக்கிய ரிப்பனும் செருப்பும் பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அவரை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அந்த அரண்மனை விரும்பியதோ அப்படியே நாமும் பார்த்துவிட்டுப் போய்விடுவோம்.

பெயர் பிலிப். 1640 செப்டம்பர் 21 அன்று சேன்-ஜெர்மேனில் பிறந்தவர், அண்ணனுக்கு இரண்டு வயது இளையவர். பிரெஞ்சு அரசவையில் அரசனின் தம்பியை "மொஸ்யே" என்று மட்டும் சொன்னால் போதும், ஊரோ பட்டமோ சேர்க்கவேண்டியதில்லை. அவர் மனைவி "மதாம்". அரசனுக்கும் அரசனின் பிள்ளைகளுக்கும் அடுத்து நாட்டிலேயே பெரிய இடம் அவருடையது.

அவரைப் புரிந்துகொள்ள அவருக்கு முந்தைய மொஸ்யேயிடம் போகவேண்டும். சித்தப்பா காஸ்தோன், பதின்மூன்றாம் லூயியின் தம்பி. 1638-ல் பதினான்காம் லூயி பிறக்கும் வரை அரியணைக்கு அடுத்த ஆள் அவர்தான். 1626, 1632, 1642 என்று அண்ணனுக்கும் அண்ணனின் அமைச்சருக்கும் எதிரான சதிகளில் மாறி மாறிச் சிக்கினார். ஒவ்வொரு முறையும் கூட்டாளிகளின் தலைதான் போனது: ஷலே, மோன்மொரான்சி, சேன்-மார். காஸ்தோன் அரசனின் தம்பி ஆயிற்றே, அவர் தலையில் யார் கை வைப்பது? பிறகு, லூயி சிறுவனாக இருந்தபோது அரசாங்கத்துக்கு எதிராகப் பிரபுக்களும் பாரிஸ் நீதிமன்றமும் எழுந்த ஃப்ரோந்து கலகம் வந்தது. 1652-ல் அவருடைய மகள் பஸ்தீல் கோட்டையின் பீரங்கியை அரசப் படையின் மேலேயே திருப்பிச் சுடவைத்தாள்.

பிலிப்புக்கு இரண்டு வயதில் தந்தை போய்விட்டார். எட்டு வயதில், 1649 ஜனவரியில், தாயோடும் அண்ணனோடும் இரவோடிரவாகப் பாரிஸை விட்டு ஓடவேண்டி வந்தது. தாய் ஆன் ராணிக்கும் அமைச்சர் மஸரேனுக்கும் அதன்பிறகு ஒரே கவலை: இன்னொரு காஸ்தோன் இந்த வீட்டில் வளரக்கூடாது. இவருடைய அறுபது வருட வாழ்க்கையும் அந்தக் கவலையிலிருந்து வந்ததுதான் என்பது என் கட்சி. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 12

பெண் உடை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பிரான்சில் ஆறேழு வயது வரை எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் பாவாடை போன்ற நீள அங்கிதான். லூயிக்கும் அதேதான். அதற்கு மேலும் பிலிப்புக்குப் பெண் உடை போட்டு விளையாடவிட்டார்கள் என்பது முக்கியமாக அபே த ஷுவாசி எழுதியதிலிருந்து வருகிறது. அவரும் சிறு வயதில் அப்படி உடுத்திப் பிலிப்போடு விளையாடியவர், பெரியவரான பிறகும் பெண் உடையை விடாதவர். மஸரேன் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எனக்கு அந்தச் சதிக்கதையை விட எளிய விளக்கமே போதும்: பிள்ளைக்கு அலங்காரம் பிடித்தது, யாரும் தடுக்கவில்லை, தடுக்கவேண்டிய அவசியமும் பெரியவர்களுக்கு இல்லை. அதுவே அண்ணனாக இருந்தால் சும்மா விட்டிருப்பார்களா?

ஜனவரி 12, பின்னிரவு

1658 கோடையை விட்டுவிட்டேன், அது முக்கியம்.

லூயிக்கு வயது பத்தொன்பது. வடக்கே போர்முனையில் கடும் காய்ச்சல் பிடித்து, கலேயில் படுத்த படுக்கையாகிவிட்டார். பிழைக்கமாட்டார் என்றே பலர் முடிவு கட்டினார்கள். சில நாட்களுக்குள் அரசவைக்காரர்களின் கால்கள் தாமாகவே தம்பி பக்கம் நடக்கத் தொடங்கின, அடுத்த அரசனைச் சுற்றி இப்போதே இடம் பிடிக்க வேண்டுமல்லவா? மருத்துவர்கள் ஆன்டிமனி கலந்த திராட்சை மதுவைக் கொடுத்தார்கள், அரசர் எழுந்துவிட்டார்.

பிலிப் அந்த நாட்களில் துரோகம் எதுவும் செய்யவில்லை. அண்ணனைப் பார்க்கவிடவில்லை என்று அழுததாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் யார் யார் தம்பியிடம் போனார்கள் என்பதை லூயியும் மஸரேனும் கவனித்துக்கொண்டார்கள். உயிரோடு இருப்பதே குற்றமாக எண்ணப்படும் இடம் அது. தான் எதுவும் செய்யாவிட்டாலும் தன்னை வைத்து மற்றவர்கள் எதையாவது செய்துவிடலாம்.

ஜனவரி 14

"சும்மா உட்கார்ந்து தின்றவர்" என்ற வரி மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உட்காருவது அவ்வளவு சுலபமாகவா இருந்தது?

அரசவை வாழ்க்கையை நினைவுக் குறிப்புகளாக எழுதிய சேன்-சிமோன் கோமகன் விட்டுச்சென்ற ஒரு காட்சி. அரசர் தன் அறையில் தனியாக மதிய உணவு சாப்பிடுகிறார். தனியாக என்றால் மேசைக்கு முன்னால் ஒருவர் மட்டும், சுற்றி நிற்பவர்கள் ஏராளம். தம்பி பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்த தன் சேன்-குளூ அரண்மனையிலிருந்து வருகிறார். அரசருக்குக் கைத்துண்டை எடுத்துக் கொடுக்கிறார். அப்படியே நிற்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அரசர், உட்காரவில்லையா என்று கேட்கிறார். தம்பி குனிந்து வணங்குகிறார். அரசர் இருக்கை கொண்டுவரச் சொல்கிறார். சாய்மானம் இல்லாத ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் வைக்கிறார்கள். அப்போதும் உட்காரவில்லை. அரசர் மறுபடி, "உட்காருங்கள் தம்பி" என்கிறார். மறுபடி ஒரு வணக்கம். அப்புறம்தான் உட்காருகிறார், சாப்பாடு முடிகிற வரைக்கும். முடிந்ததும் எழுந்து மறுபடி கைத்துண்டு.

காலையில் அரசர் எழுந்ததும் சட்டையை எடுத்துக் கொடுப்பதும் அங்கிருப்பவர்களில் பெரியவரின் உரிமை. பட்டத்து இளவரசர் இல்லாத நாளில் அது மொஸ்யேயின் கைக்கு வரும். இன்று நமக்கு இது வேலைக்காரன் வேலையாகத் தெரியும். அங்கே அந்தச் சட்டையைத் தொடும் உரிமைக்காக மனிதர்கள் ஒருவரை ஒருவர் பகைத்துக்கொண்டார்கள். பிலிப் இந்த முறைமைகளில் கரைகண்டவர். யாருக்குக் கைவைத்த நாற்காலி, யாருக்கு முக்காலி, யார் நிற்கவேண்டும், யார் எத்தனை அடி எதிர்கொண்டு வரவேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இதற்காகவும் அவரை அற்பமானவர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படையும் மாகாணமும் மந்திரிசபையும் மறுக்கப்பட்டவருக்கு, யாரும் பிடுங்கமுடியாமல் மிஞ்சிய ஒரே சொத்து அந்த இடவரிசைதான்.

ஜனவரி 14, அதன் தொடர்ச்சி

மறுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். லூயியே எழுதிவைத்திருக்கிறார், மகனுக்குப் பாடமாக. 1666-ல் கோந்தி இளவரசர் இறந்ததும் லாங்கதோக் மாகாணத்தின் ஆளுநர் பதவி காலியானது. அதற்கு முன் காஸ்தோன் வைத்திருந்த பதவி. தம்பி கேட்டார். அண்ணன் மறுத்தார்: அரச ரத்தத்தைச் சேர்ந்தவர்களிடம் பெரிய மாகாணங்களைக் கொடுப்பது நாட்டுக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. அரசியின் முன்னிலையில் தன் மனைவிக்குச் சாய்மானம் வைத்த நாற்காலி வேண்டும் என்று தம்பி கேட்டதும் அதே காலம்தான். அதுவும் மறுக்கப்பட்டது.

நாட்டு நன்மை என்று பார்த்தால் லாங்கதோக் விஷயத்தில் லூயி செய்தது சரி என்றுதான் நானும் சொல்வேன். நாற்காலி விஷயத்தில் சொல்லமாட்டேன்.

ஜனவரி 17

"பிடிக்கவில்லையென்றால் விலகிப் போய்விட வேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கே போவது? அரசரின் அனுமதியில்லாமல் நாட்டைத் தாண்டினால் அதுவே கலகம். காஸ்தோன் அதைத்தான் செய்தார்.

நானும் வீட்டில் இளையவன். அப்பாவின் கடை அண்ணனுக்கு என்று நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே முடிவாகிவிட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் கடையைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் எல்லோரும் ஒரு நொடி அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள், அதன்பிறகு நான் சொன்னது காற்றோடு போய்விடும். பிலிப்பைப் படிக்கும்போது அந்த ஒரு நொடி எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் கிளம்பி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அவரால் முடியவில்லை.

ஜனவரி 19

முதல் மனைவி. இங்கிலாந்தின் தலை வெட்டப்பட்ட அரசர் முதலாம் சார்லஸின் மகள் ஹென்றியெத்தா. 1661 மார்ச் மாதம் கல்யாணம். அந்தக் கோடையிலேயே ஃபோந்தேன்புளோவில் அண்ணனும் தம்பி மனைவியும் எந்நேரமும் சேர்ந்தே திரிந்தார்கள், ஊரெல்லாம் பேச்சு. தம்பி தாயிடம் போய் முறையிட்டார். இதைச் சொல்லாமல் அவரைப் "பொறாமைக்காரக் கணவன்" என்று மட்டும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஹென்றியெத்தாவின் பக்கமும் பரிதாபம்தான். பிலிப்பின் மனம் லொரேன் பிரபுவிடம் இருந்தது. பிலிப்பைவிட மூன்று வயது இளையவன், அழகன், பேராசைக்காரன். அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். 1670 ஜனவரியில் லூயி அவனைக் கைது செய்து லியோனுக்கும் பிறகு இஃப் தீவுக் கோட்டைக்கும் அனுப்பினார், அங்கிருந்து ரோமுக்குத் துரத்தினார். அதே ஆண்டு கோடையில் ஹென்றியெத்தா டோவரில் தன் அண்ணன் இரண்டாம் சார்லஸைச் சந்தித்து, இரு அரசர்களுக்கும் நடுவே ரகசிய ஒப்பந்தத்தை முடித்துக்கொடுத்தாள். கணவருக்கு அதில் இடமே இல்லை. தன் மனைவி செய்யும் அரசாங்க வேலைகூடத் தனக்குத் தெரியக்கூடாது என்று அண்ணன் வைத்திருந்தார், யோசித்துப் பாருங்கள்.

ஜூன் 29 அன்று சேன்-குளூவில் ஒரு கோப்பை சிக்கரி நீர் குடித்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. வயது 26. விஷம் என்று எல்லோரும் சொன்னார்கள், சாகும்போது அவளே சொன்னாள். ஆங்கில மருத்துவர்களும் கூட இருக்க உடலை அறுத்துப் பார்த்தார்கள், விஷம் என்று முடிவு சொல்லவில்லை. இன்று பலர் சொல்வது, குடலில் புண் வெடித்துச் சீழ்பிடித்தது என்று. எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. அதற்கு முன்பே வெகுநாளாக விலாவில் வலி என்று அவதிப்பட்டிருந்தாள்.

ஜனவரி 20

லொரேன் பிரபு பிறகு என்ன ஆனான்? 1672-ல் லூயியே திரும்பி வரவிட்டார். தம்பிக்கு யார் மேல் பிரியமோ அந்த ஆளைத் தன் பிடியில் வைத்துக்கொண்டால் தம்பியும் பிடியில் இருப்பார், வேறென்ன. இவனுடைய உறவை நான் குற்றமாகச் சொல்லவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் நீடித்த உறவு அது. அந்தப் பிரியத்தையே ஒரு கடிவாளமாக அண்ணன் பயன்படுத்தியதைத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 23

இப்போது போருக்கு வருவோம். இதைப் படித்தபிறகும் யாராவது உதவாக்கரை என்றால் வாதாடத் தயார்.

1677. பிலிப் சேன்-ஓமேர் நகரை முற்றுகையிட்டிருந்தார். அதை விடுவிக்க ஆரஞ்சு இளவரசர் வில்லியம், பின்னால் இங்கிலாந்தின் அரசரானாரே அவர்தான், படையோடு வந்தார். ஏப்ரல் 11 அன்று கசெல் அருகே மோதல். பக்கத்தில் லுக்ஸம்பூர், உமியேர் என்ற இரண்டு அனுபவசாலித் தளபதிகள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் நடுப்படை தளர்ந்தபோது பிலிப்பே முன்னால் போய் ஆட்களைத் திரட்டி மறுபடி மோதவைத்தார். கவசத்தில் குண்டு பட்டும் விலகவில்லை என்று அன்றைய செய்திகள் சொல்கின்றன. துப்பாக்கிப் புகையை விட வெயிலில் கறுத்துவிடுவோம் என்றுதான் அவருக்குப் பயம் அதிகம் என்று வீரர்கள் பேசிக்கொண்டார்களாம். பிரியமாகச் சொன்ன பேச்சு அது. வில்லியம் தோற்று ஓடினார், சில நாளில் சேன்-ஓமேரும் விழுந்தது.

இதற்கு முந்தைய வருடம், 1676 மே மாதம், ஊர்த்பீஸ் என்ற இடத்தில் இதே வில்லியம் லூயிக்கு எதிரே வந்து நின்றார். லூயி தாக்கவில்லை. தாக்கவேண்டாம் என்று தளபதிகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். முற்றுகைகளில் எத்தனையோ ஊர்களைப் பிடித்த அந்த அரசருக்குத் திறந்தவெளிப் போரில் வென்ற பெயர் கடைசி வரை கிடைக்கவில்லை. தம்பிக்குக் கிடைத்தது. பாரிஸ் மக்கள் தம்பியின் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்தார்கள்.

பிலிப்புக்கு அப்போது வயது 36. சாகிறவரைக்கும் இன்னொரு போர்க்களத்தில் படை நடத்தும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் சேன்-குளூ எனக்கு டிராமில் போகிற தூரம். இன்று போனேன். அரண்மனை இல்லை; 1870 போரில் எரிந்துபோனது. அது நின்ற இடத்தின் ஓரங்களைக் கூம்புபோல் வெட்டிவிட்ட யூ மரங்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். நடந்து பார்த்தால்தான் எவ்வளவு பெரிய வீடு என்று தெரிகிறது.

அருவிப்படிகள் அப்படியே இருக்கின்றன. குளிர்காலம், தண்ணீர் விடவில்லை. கல்லில் பாசியும் அதன்மேல் வரிசையாகப் புறாக்களும். கட்டடக் கலைஞர் அந்தோன் ல போத்ர் 1660-களில் கட்டியது, பிறகு இன்னொரு கட்டடக் கலைஞர் மான்சார் பெரிதாக்கினார். மேலே நின்றால் கீழே சேன் ஆறு, அப்பால் பாரிஸ் முழுவதும். வெர்சாயில் நின்றால் பாரிஸ் தெரியாது. லூயி பாரிஸை மன்னிக்கவே இல்லை, தம்பி கடைசி வரை பாரிஸை விட்டு விலகவில்லை. நகரத்தில் பலே-ரோயால் அரண்மனை, அதன் விளிம்பில் சேன்-குளூ. ஓவியர் மின்யாரைக் கொண்டு இங்கே ஓர் அப்பல்லோ கூடம் தீட்டவைத்தார், 1678-ல் முடிந்தது. அதே 1678-ல்தான் வெர்சாய் கண்ணாடிக்கூடத்தின் வேலை தொடங்கியது. தம்பியைப் பார்த்து அண்ணன் கட்டினார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் ரசனையில் தம்பி பின்னால் நிற்கவில்லை.

வெறும் செலவாளியும் இல்லை. லுவார் ஆற்றிலிருந்து சேன் பக்கம் சரக்கு வருவதற்கான ஓர்லேயான் கால்வாய்க்கு 1679-ல் உரிமை வாங்கினார். 1692-ல் படகுகள் ஓடத் தொடங்கின. சுங்கம் அவர் குடும்பத்துக்கு.

ஜனவரி 27

இரண்டாம் மனைவி லீசலோட்டே, ஜெர்மனியின் பலாட்டினேட் நாட்டுக்காரி. 1671-ல் கல்யாணம். வேட்டை, நாய்கள், சார்க்ரவுட், கடிதம் எழுதுதல், இவைதான் அவள் உலகம். கணவர் இரவில் புனிதப் பதக்கங்களை உடம்பில் சுமந்து படுப்பதைக் கையும் களவுமாகப் பிடித்துச் சிரித்ததைக்கூட எழுதியிருக்கிறாள், அவரும் சிரித்துவிட்டார். மூன்று குழந்தைகளுக்குப் பிறகு தனித்தனிப் படுக்கை என்று பிலிப் சொன்னபோது அவளுக்கு நிம்மதிதான்.

பிள்ளைகளின் கதை சோகம். ஹென்றியெத்தாவுக்குப் பிறந்த மூத்தவள் மரீ-லுயீஸை 1679-ல் ஸ்பெயினின் நோயாளி அரசருக்குக் கட்டிக்கொடுத்தார் லூயி. அழுதுகொண்டே போனாள். 1689-ல் மத்ரீதில் இறந்தாள், அம்மாவைப் போலவே 26 வயதில். அவளுடைய தங்கைகளின் வழியாக வந்த வம்சத்தைப் பாருங்கள்: பதினைந்தாம் லூயி பிலிப்புக்குக் கொள்ளுப்பேரன், மரீ ஆந்துவானெத் கொள்ளுப்பேத்தி.

1692-ல் பிலிப்புக்கு மிஞ்சியிருந்த ஒரே மகனுக்குத் தன் மணமுறைக்கு வெளியே பிறந்த மகளைக் கட்டிவைத்தார் லூயி. பிலிப் தலையாட்டிவிட்டார். லீசலோட்டே அரண்மனைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் மகனை ஓங்கி அறைந்தாள். பலே-ரோயால் முழுமையாகப் பிலிப்பின் குடும்பத்துக்கு எழுதப்பட்டது இந்த ஏற்பாட்டோடு சேர்ந்துதான். இந்த இடத்தில் எனக்குப் பிலிப்பின் மேல் வருத்தம் உண்டு. மகனைக் கொடுத்து வீடு வாங்கியதுபோல ஆகிவிட்டது.

ஜனவரி 28

ஆமாம், அந்த மகன்தான் பின்னால் ரீஜன்ட், அதாவது சிறுவனான பதினைந்தாம் லூயிக்குப் பதிலாக நாட்டை ஆண்டவர். சென்னைக்காரர்களுக்காக ஒரு வரி: புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட் அங்கே வாங்கிய கோல்கொண்டா வைரத்தை 1717-ல் பிரெஞ்சு அரசுக்காக வாங்கியவர் இவரே. இன்றும் லூவரில் ரீஜன்ட் என்ற பெயரில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 1

சேன்-சிமோன் வரைந்த சித்திரத்தை ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார்: தொந்தியுள்ள குள்ள மனிதர், மரக்கால் போல உயர்ந்த செருப்பு, கை நிறைய மோதிரமும் வளையலும், பவுடர் போட்ட கறுப்பு விக். கண்ணால் பார்த்தவர் எழுத்து, மறுக்கவில்லை. ஆனால் சேன்-சிமோன் அரசவைக்கு வந்தது 1691-ல். அவர் பார்த்தது ஐம்பதைத் தாண்டிய ஒருவரை. கசெலில் குதிரையில் இருந்தவரை அவர் பார்க்கவில்லை. அதே சேன்-சிமோன், மொஸ்யே போனபிறகு அரசவையின் களையே போய்விட்டது என்றும் எழுதினார். எல்லோரிடமும் அவரவர்க்கு உரிய மரியாதையோடு நடந்துகொண்டவர் என்றும் எழுதினார். அந்த வரிகளை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

பிலிப்பின் குரல் நமக்கு நேராகக் கிடைப்பதே அரிது. அவர் செத்ததும் லீசலோட்டே அவருடைய பெட்டிகளில் காதலர்கள் எழுதிய கடிதங்களைத் தேடியெடுத்துப் படிக்காமலே எரித்தாள், அரசர் கண்ணில் படக்கூடாது என்று. அவர் மானம் காக்கச் செய்தாள், நல்ல மனசு. ஆனாலும் மனது அடித்துக்கொள்கிறது.

பிப்ரவரி 3

கடைசிச் சண்டை. 1701 ஜூன் 8, லூயியின் மார்லி மாளிகை. ஸ்பெயின் வாரிசுப் போர் தொடங்கும் நேரம். பிலிப்பின் மகனுக்கு வயது 26, திறமைசாலி, படை கேட்டுக் கெஞ்சியும் கிடைக்கவில்லை. வேலையில்லாத அவன், மனைவியை விட்டுவிட்டு வெளியே சுற்றினான். தன் மகள் அவமானப்படுகிறாள் என்று லூயி தம்பியிடம் கடிந்துகொண்டார். அறுபது வயதுத் தம்பி அன்று அடங்கவில்லை. வேலை கொடுக்காமல் வைத்திருந்தால் பையன் வேறு என்ன செய்வான் என்று கேட்டார். லூயியே தன் மனைவியைக் காதலிகளோடு ஒரே வண்டியில் ஏற்றிச் சென்ற காலத்தையும் நினைவுபடுத்தினார். இருவர் குரலும் பக்கத்து அறை வரை கேட்டது, கதவு திறந்துதான் இருந்தது. சாப்பாடு தயார் என்று வந்து சொல்லவேண்டியதாயிற்று. முகம் கன்றிச் சிவந்திருந்த தம்பியைப் பார்த்து, ரத்தம் எடுக்கவேண்டும், இல்லையென்றால் இங்கேயே பிடித்துவைத்து எடுக்கவைப்பேன் என்றார் அண்ணன். தம்பி நன்றாகச் சாப்பிட்டுவிட்டு சேன்-குளூவுக்குக் கிளம்பினார். அன்றிரவு சாப்பாட்டு மேசையிலேயே பக்கவாதம். மறுநாள் நண்பகலில் போய்விட்டார்.

வாழ்நாள் முழுக்கத் தனக்காக ஒன்றும் கேட்டு வாங்கமுடியாதவர், மகனுக்காகத்தான் குரல் உயர்த்தினார்.

பிப்ரவரி 4

லூயி உண்மையாகவே அழுதாரா என்று கேட்கிறீர்கள். அழுதார், மிகவும். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த ஒரே ஆள் போய்விட்டார். ஆனால் மறுநாளே மார்லியில் சீட்டு மேசைகள் போடப்பட்டன. மொஸ்யேயின் உடம்பு இன்னும் ஆறவில்லையே என்று ஒருவர் திகைக்க, யாரும் சலித்துப்போகக்கூடாது என்பது அரசரின் விருப்பம் என்று பேரன் பர்கண்டி கோமகன் பதில் சொன்னார். அப்பாவின் பட்டம், வருமானம், காவல்படை எல்லாவற்றையும் மகனுக்குத் தாராளமாகக் கொடுத்தார் லூயி, படையைத் தவிர.

அந்தப் படை 1706-ல் கிடைத்தது, இத்தாலியில். மகனின் சொல்லை மீறும் அதிகாரத்தை மட்டும் லூயி மார்ஷல் மர்சேனிடம் கொடுத்து வைத்திருந்தார். தூரின் நகருக்கு வெளியே, முற்றுகை அரண்களை விட்டு முன்னேறி எதிரியைத் தாக்குவோம் என்றான் மகன். மர்சேன் முடியாது என்றார். செப்டம்பர் 7 அன்று அந்த அரண்களுக்குள்ளேயே பிரெஞ்சுப் படை நொறுங்கியது. மகன் காயத்தோடு தப்பினான், மர்சேன் செத்தார்.